சம்புக்குருவியின் அடையாளங்கள்

சம்புக்குருவியை அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் கண்ணை நம்புவதை விட்டுவிட வேண்டும். ஏனெனில் ஏரியில் ஆளுயரம் வளரும் சம்பு என்னும் கோரையின் காய்ந்த உறையும் அதன் முதுகும் ஒரே நிறம், அரிசி களைந்த நீரும் அதன் வயிறும் ஒரே நிறம், கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அவ்வுடம்பு இரண்டு தண்டுகளை இரண்டு கால்களால் பற்றிக்கொண்டு நடுவில் ஆடும்போது அசைவது காற்றா குருவியா என்று ஏரிக்கே தெரியாது. அலகின் அடியிலிருந்து கண்ணுக்கு மேலாக, சுண்ணாம்பு தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்ததுபோல் வெளிறிய புருவம் ஒன்று அதற்கு உண்டு. தண்டின் அடியிலிருந்து நுனிவரை ஏறும், நுனியில் நின்று பாடும், வழுக்கிக்கொண்டு இறங்கி மறையும். பாடுவதற்கு அலகைத் திறந்தால் வாயின் உட்புறம் பழுத்த கோவைப்பழம்போல் சிவந்து தெரியும். இவ்வளவும் எல்லாச் சம்புக்குருவிக்கும் பொது. இது இன்னாருடைய குருவி என்று சொல்வதற்கு இவை போதா. அதற்கு, அந்த இன்னாரோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

உவர்வெளி ஏரியின் கரை உடைந்த ஆண்டில், ஐப்பசி மழை ஓய்ந்து நீர் தெளியத் தொடங்கியபோது, அந்த ஏரி எடுத்துக்கொண்டு உடலைத் திருப்பித் தராதவர்கள் அனைவரும் சம்புக்குருவிகளாகச் சம்பனூருக்குத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவர் கன்னியப்பன். வலை எடுக்கப் போய்த் தோணியோடு மறைந்தவர் அவர். உயிரோடு இருந்த காலத்தில், கட்டிலை விட்டு எழாமலேயே தொண்டையை இருமுறை செருமி, "கிளியா, தண்ணி" என்று மனைவியை அழைக்கும் வழக்கமுடையவர். அன்று விடியற்காலையில் படித்துறைக்கு நேர் எதிரே சம்பின் நுனியில் ஒரு குருவி இருமுறை செருமியது; பிறகு, "கிளியா, தண்ணி" என்றது. துணி துவைத்துக்கொண்டிருந்த கிளியாம்பா தலையை நிமிர்த்தாமல், "எழுந்து வந்து மொண்டு குடியேன், கேடு வந்தவனே! சுத்திலும் தண்ணிதானே கெடக்குது!" என்றாள். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. அவள் அழவில்லை, வீட்டுக்குப் போய் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து சம்பின் அடியில் ஊற்றினாள். குருவி மீண்டும் செருமியது. இம்முறை அது திருப்திச் செருமல் என்பதைப் படித்துறையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பின் கார்த்திகை முழுவதும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மதகில் தவறி விழுந்த வாத்தியார் வந்து ஏழாம் வாய்பாட்டை ஒப்பித்தார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்னுமிடத்தில் அவர் நிறுத்திக் காத்திருப்பார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கரையிலிருந்து ஏழொன்பது அறுபத்துமூன்று என்று கத்தினால்தான் மேலே செல்வார். ரேஷன் கடையில் எடை போட்டவர் வந்து, "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்றார். தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, "செத்தும் அந்தாளு குடுக்கமாட்டங்கறான் பாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அதிசயம் எதுவாயினும் அதற்கு ஒரு முறை வகுத்துவிட்டால் ஊர் அதனோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ளும். பெரியதனக்காரர் துரைக்கண்ணு கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி வகுத்த முறை இது: குருவி சொல்ல, அதாவது இது எங்களவர் என்று ஊரறியச் சொல்ல, விரும்பும் வீட்டார் விடியலில் முழங்கால் அளவு நீரில் இறங்க வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஒருவர், வாழ்ந்த வீட்டிலிருந்து ஒருவர், இருவரும் வேண்டும். இருவரும் குருவியைக் கேட்டு, "இவர்தான்" என்று தனித்தனியே சொல்லி, ஒரு கை நீரை அள்ளி அந்தச் சம்பின்மேல் விட வேண்டும். பிறகு அந்தப் புதரில் சிவப்புத் துணி கட்டப்படும். மாசி மாதம் ஊர் கூடிக் கூரைக்குச் சம்பு அறுக்கும்போது, துணி கட்டிய புதரை அரிவாள் தொடாது. வீட்டில் காரியம் நடக்கும், தாலி இறங்கும், இறந்தவர் இறந்தவராவார். துணி இல்லாத புதரோ எப்போதும்போல் அறுபடும். அதில் இருந்த குருவி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே வீட்டின் துக்கம் மட்டும் இந்த முறைக்குள் அடங்காமல் நின்றது. வேதகிரியின் மூத்த மகள் பச்சைவாழி, ஏரியில் வந்து விழும் ஓடைக்கு அக்கரையில் தேசிங்குக்கு வாழ்க்கைப்பட்டவள், கரை உடைவதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாலையில் காணாமற்போனாள். அவளுடைய பித்தளைக் குடம் அவன் வீட்டுத் துறையில் மிதந்தது. ஏரி எடுத்துக்கொண்டது என்றான் தேசிங்கு. பேருந்து ஏறிப் போய்விட்டாள் என்றது ஊரில் பாதி; அப்படிப் போயிருந்தால் நல்லது என்று மனத்துக்குள் நினைத்தது அந்தப் பாதியிலும் பாதி. ஏனெனில் மணமான முதல் ஆண்டிலேயே அவன் அறைந்த அறையில் அவளுடைய இடக்காது கேட்காமல் போயிருந்தது. யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வலக்காதை நீட்டுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அவள் காணாமற்போன வாரத்தில் தேசிங்கின் இடது உள்ளங்கையில் பிறை வடிவில் ஒரு காயம் இருந்தது. கெளுத்தி முள் குத்தியது என்றான். கெளுத்தி ஒரு குத்துதான் குத்தும், பிறை வரையாது என்பது சம்பனூரில் மீன் கழுவும் ஒவ்வொரு கைக்கும் தெரியும். ஆனால், தெரிந்ததை எல்லாம் ஊர் சொல்லிவிடுவதில்லை.

பச்சைவாழியின் தங்கை அஞ்சலாட்சிக்கு மட்டும் தெரிந்தது வேறொன்று. அக்கா அக்கரை, தங்கை இக்கரை. மாலையில் விளக்கேற்றும் முன் அக்கா ஓடைக் கரையில் நின்று தங்கையின் பெயரை இரண்டு மூச்சாக அழைப்பாள்: "அஞ்ச" என்று ஏறும் ஒரு மூச்சு, "லாட்சீ" என்று இறங்கும் ஒரு மூச்சு. "இதோ வரன்க்கா" என்று இவள் பதில் கொடுப்பாள். வருவதில்லை, அது பதில் மட்டுமே. இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அவர்கள் போட்டுக்கொண்ட கையெழுத்து. காணாமற்போன மாலையில் முதல் மூச்சு வந்தது. இரண்டாம் மூச்சு வரவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்த அஞ்சலாட்சியிடம், "மிச்சத்தக் காத்து வாங்கிக்கிட்டுப் போயிருக்கும், போய் உலை வையி" என்றார் தந்தை. அன்று முதல் அவள் எந்த அழைப்புக்கும் உடனே பதில் சொல்வதில்லை. பெயரின் மற்றப் பாதிக்காகச் சற்று நேரம் காத்திருப்பாள். பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள்.

தை பிறந்ததும் தேசிங்கு வெள்ளை வேட்டி உடுத்தி, வெற்றிலைத் தட்டோடு ஓடையைக் கடந்து வந்தான்.

"மாமா, கெழக்குப் பொதருல பச்சைவாழி வந்துட்டா. என் காதால கேட்டன். ராகம் இழுக்கறா," என்றான் வேதகிரியிடம். "குருவி சொல்லிட்டு, காரியத்த முடிச்சிட்டு, அஞ்சலாட்சிய எனக்கே குடுத்துடுங்க. அக்கா இருந்த வீட்டுக்குத் தங்கச்சி வரதுதானே மொறை?"

வேதகிரி தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தம் மூட்டுகளைத் தடவிக்கொண்டார். "மொறை என்னமோ அதான்," என்றார்.

"அப்பா, அவளுக்கு நான் குருவி சொன்னா எனக்குத் தாலி. சொல்லலன்னா அவ பொதருக்கு அரிவாளா?" என்றாள் அஞ்சலாட்சி.

"பொறந்த ஊட்டுல வேற யாருடி இருக்கறா? எனக்குத் தண்ணில கால் வெக்க முடியுமா? கூடப் பொறந்தவள அநாதையா அறுக்க உடுவியா?"

தேசிங்கு சிரித்தான். "யோசிச்சி சொல்லட்டும் மாமா. மாசிக்கு இன்னும் நாளு கெடக்குது. கொழுந்தியாளுக்குக் காது ரெண்டும் நல்லாத்தானே கேக்குது?"

அன்று தொடங்கி அஞ்சலாட்சி ஏரியைத் தேடினாள். அக்கா அங்கே இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினாள். இடுப்பளவு நீரில், சேற்றில் கால் புதைய, புதர் புதராக நின்று காது கொடுத்தாள். கன்னியப்பனைக் கடந்தாள், வாத்தியாரைக் கடந்தாள், அவளைப் பெயர் சொல்லி அழைக்காத எத்தனையோ குரல்களைக் கடந்தாள். கிழக்குப் புதரில் தேசிங்கு சொன்ன குருவியையும் கேட்டாள். அது ஒரு பெண்ணின் இழுவைதான், ஆனால், அதில் அக்கா இல்லை. எந்தக் குரலிலும் அக்கா இல்லை. பேருந்தில்தான் போயிருக்கிறாள், எங்கோ ஒரு நகரத்தில் வலக்காதைச் சாய்த்து யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மகிழ்ந்து கரையேற நினைத்த ஒரு காலையில், அவள் நின்றது தேசிங்கின் வீட்டுத் துறைக்கு அருகில். அங்கே ஒரு புதர் இருந்தது. ஏரி முழுவதும் இரைச்சலாயிருக்க, அந்தப் புதரைச் சுற்றி மட்டும் ஒலி இல்லை.

அதன் நுனியில் ஒரு குருவி ஏறி நின்றது. வெளிறிய புருவம், களைந்த நீர் வயிறு, எல்லாம் பொது அடையாளங்கள். அஞ்சலாட்சி மெல்ல, "க்கா?" என்றாள். குருவி தலையைச் சாய்த்து வலப்புறத்தை அவளுக்கு நீட்டியது. அவள் இடப்பக்கமாகச் சுற்றி வந்து மீண்டும் அழைத்தாள். அது உடம்பை முழுவதுமாகத் திருப்பி மீண்டும் வலப்புறத்தையே நீட்டியது. பிறகு அலகைத் திறந்தது. கோவைப்பழச் சிவப்பு முழுவதும் தெரிந்தது, தொண்டை ஏறி இறங்கியது, வால் இறகுகள்கூட நடுங்கின. ஒலி வரவில்லை. நீருக்குள் கொண்டுபோன குரலைத்தான் குருவிகள் திருப்பிக் கொண்டுவருகின்றன என்பதை ஏரியில் அலைந்த நாட்களில் அறிந்திருந்த அஞ்சலாட்சி, நீருக்குள் போகும்போதே வாயில் குரல் இல்லாதவள் எதைக் கொண்டுவருவாள் என்று எண்ணினாள். எண்ணிய கணத்தில் அந்த மாலையின் முதல் மூச்சு ஏன் அறுந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை என்று எழுதினால் பொய்யாகும். ஏரியின் நீர் அவள் கழுத்தளவு இருந்த இடத்தில் நின்று அழுதாள்; எனவே கரையிலிருந்த எவரும் அதைக் காணவில்லை.

குருவி சொல்லும் காலை வந்தது. ஊர் கரையில் நின்றது. கிழக்குப் புதருக்கு முன்னால் தேசிங்கும் அஞ்சலாட்சியும் முழங்கால் நீரில் நின்றார்கள். அந்த ஆண்டு மேய்ச்சலுக்கு வந்திருந்த வாத்துக் கூட்டம் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. குருவி நுனிக்கு ஏறி, "தா… தா… தாதாதா…" என்று நீட்டி இழுத்தது.

"இவதான்," என்றான் தேசிங்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தாலாட்டு மாதிரி இழுப்பா. இவதான் என் பொண்டாட்டி." ஒரு கை நீரை அள்ளினான்.

"மாமா, கொஞ்சம் பின்னால திரும்பிப் பாரு," என்றாள் அஞ்சலாட்சி.

தூரத்தில் மிதந்த வாத்துகள் தலையைத் தூக்கின. குருவி மறுபடி இழுத்ததும், கூட்டம் முழுவதும் நீரைக் கிழித்துக்கொண்டு ஆரவாரத்தோடு வந்து புதரையும் தேசிங்கையும் சூழ்ந்துகொண்டது. ஒன்று அவன் வேட்டியைக் கொத்தியது.

"அது இந்த வாத்துங்கள மேய்ச்சிட்டு வெள்ளத்துல போன வாத்துக்காரம்மாடா!" என்று கரையிலிருந்து கத்தினாள் கிளியாம்பா. "வாத்துக்குத் தெரிஞ்சது இவனுக்குத் தெரியல! ஏன்டா தேசிங்கு, கட்டினவ கொரலு எப்படி இருக்கும்னே தெரியாதா உனக்கு?"

ஊர் சிரித்தது. பெரியதனக்காரரும் மீசைக்குள் சிரித்தார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அவள் நீரிலேயே நடந்து, ஓடை முனையைச் சுற்றி, தேசிங்கின் துறைக்குப் போனாள். ஊர் கரைவழியே அவளைத் தொடர்ந்தது. தேசிங்கும் வேறு வழியின்றிப் பின்னால் வந்தான்.

"என் அக்கா இதோ இருக்கறா," என்றாள் அவள்.

குருவி தலையைச் சாய்த்தது. அலகைத் திறந்தது. ஊர் காத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"பாடலியேம்மா," என்றார் துரைக்கண்ணு.

"பாடாது, பெரியப்பா. எப்படிப் பாடும்? தண்ணில உழுந்தவங்க கத்திக்கிட்டே போனாங்க, கொரலோட வந்தாங்க. இவள வாயப் பொத்தித் தண்ணில அமுக்கனா கொரலு எங்கேர்ந்து வரும்?"

அப்போது தேசிங்கு இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவன் அறியாமல் கை தானாகப் போயிற்று. போனதை ஊர் முழுவதும் பார்த்தது. இத்தனை நாள் கெளுத்தியை நம்புவதாக நடித்த ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள்.

துரைக்கண்ணு கரையின் விளிம்புவரை வந்து குருவியைப் பார்த்தார். பிறகு, தாம் வகுத்த முறையைத் தாமே முதன்முறையாகக் கேட்பவர்போல் நிதானமாகச் சொன்னார்: "பொறந்த ஊடு சொல்லிடிச்சி. வாழ்ந்த ஊடு சொல்லணும். தேசிங்கு, இது பச்சைவாழியா?"

ஆம் என்றால் குரல் ஏன் இல்லை என்பதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். "இல்ல," என்றான் தேசிங்கு. "இது யாரோ. இது வெறும் குருவி."

"அப்போ கெழக்குப் பொதருல இருக்கறது வாத்துக்காரம்மா. இங்க இருக்கறது வெறும் குருவி. ஏரில பச்சைவாழி இல்ல." பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏரில இல்லாதவ உசுரோட இருக்கறா. பொண்டாட்டி உசுரோட இருக்கறவனுக்கு இன்னொரு பொண்ணு கெடையாது. வேதகிரி, தட்டத் திருப்பிக் குடுத்துடு. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

அதன் பிறகு சம்பனூர் தன் தீர்ப்பை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. கோயிலில் பொங்கல் கொடுத்தால் தேசிங்குக்கு இரண்டு பங்கு வந்தது. ஒன்று அவனுக்கு, ஒன்று வீட்டிலிருக்கும் பச்சைவாழிக்கு. கல்யாணத்துக்கு அழைத்தவர்கள், "ஊட்டுக்காரியோட வந்துடுப்பா" என்றார்கள். பந்தியில் அவன் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. அந்த இலையிலும் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, அப்பளம் விழுந்தது. காலையில் தண்ணீருக்குப் போகும் கிளியாம்பா அவன் வாசலில் நின்று, "பச்சைவாழி, வரியாம்மா?" என்று உள்ளே குரல் கொடுப்பாள், பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, மெதுவா வா" என்று போய்விடுவாள். யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் அவனை ஒதுக்கவில்லை. அவன் மனைவியை எல்லோரும் விசாரித்தார்கள்.

மாசி வந்தது. சிவப்புத் துணிப் புதர்கள் நிற்க, மற்றவை அறுபட்டன. அவரவர் துறைச் சம்பு அவரவர் கூரைக்கு என்பது பழைய வழக்கம். தேசிங்கின் துறையில் நின்ற புதரை அறுக்கும்போது அஞ்சலாட்சி கரையில் நின்று ஒவ்வொரு கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தடுக்கவில்லை. ஊர் கூடி அவன் வீட்டுக்குக் கூரை வேய்ந்தது, புதிய சம்பின் மணம் தெருவெல்லாம் வீசியது, மாலையில் அந்தக் குருவியும் வந்து கூரைக்குள் புகுந்துகொண்டது. உயிரோடு இருப்பவள் கணவன் வீட்டில்தானே இருக்க வேண்டும்.

அவன் உண்ணும்போது அது கூரையைத் தாங்கும் குறுக்குவாரையில் வந்து நின்று தலையைச் சாய்த்தது. அவன் பேசினால் வலப்புறத்தை நீட்டியது. பேசாவிட்டால் அலகைத் திறந்து அந்தச் சிவப்பைக் காட்டியது. கழியால் விரட்டினான், போயிற்று, வந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான். ஒலி அடைபட்டதே தவிர, ஒலியின்மை அடைபடவில்லை. கூரையைப் பிரித்தெறியலாம் என்று ஏறியவன், கையில் பற்றிய சம்பு ஈரமாயிருப்பதைக் கண்டு இறங்கிவிட்டான். வெயில் கொளுத்தும் பங்குனியில் அது சேறு மணத்தோடு சொட்டிக்கொண்டிருந்தது. சித்திரையில் அவன் தனக்குத்தானே பேசத் தொடங்கினான். வைகாசியில் பேச்சு நின்றது. பேச வாயெடுத்தால் இடக்கை தானாக எழுந்து அவன் வாயையே பொத்திக்கொண்டதைத் தேநீர்க் கடையில் பலர் பார்த்தார்கள், ஒருவர், "ஊட்டுல பச்சைவாழி சௌக்கியமா?" என்று கேட்டார்.

ஆனியில் ஒரு காலை, அழைக்காமலே தேசிங்கு துறையில் வந்து நின்றான். நீர் வற்றி ஏரி சுருங்கியிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு அவன் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அறுத்த அடித்தண்டிலிருந்து சம்பு புதிதாய்த் துளிர்த்திருந்தது. குருவி அவனுக்கு முன்பே அங்கே போய் இருந்தது. படித்துறைப் பெண்கள் பார்த்துவிட்டு ஊரை அழைத்தார்கள். அஞ்சலாட்சியும் வந்து ஓடையின் இக்கரையில், வழக்கமாக நிற்கும் இடத்தில், நின்றாள்.

தேசிங்கின் வாயை இடக்கை பொத்தியிருந்தது. வலக்கையால் அதைப் பற்றி, ஒரு கதவைப் பெயர்ப்பதுபோல் இழுத்து விலக்கினான்.

"இவதான்," என்றான். "இந்தக் கையிதான்."

வலக்கையால் நீரை அள்ளித் துளிர்மேல் விட்டான். பிறகு கரையேறி, யார் முகத்தையும் பாராமல், பேருந்து நிற்கும் சாலையை நோக்கி, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில் நடந்தான். அவன் போவதை எவரும் தடுக்கவில்லை, எவரும் உடன் செல்லவில்லை. துரைக்கண்ணு மட்டும் சிவப்புத் துணியோடு நீரில் இறங்கினார். அவர் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே குருவி துளிரின் நுனிக்கு ஏறியது, தலையை இக்கரை நோக்கிச் சாய்த்தது, அலகைத் திறந்தது.

"லாட்சீ," என்றது.

இறங்கும் மூச்சு அது. ஓடையைக் கடந்து வந்து அஞ்சலாட்சியிடம், அவள் திறந்து வைத்திருந்த பாதியில், பொருந்திக்கொண்டது. இம்முறை அவள் காத்திருக்கவில்லை.

"இதோ வரன்க்கா," என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் முறையாகச் சொன்னபடியே, வற்றிய ஓடைக்குள் இறங்கி அக்கரை நோக்கி நடந்தாள்.